அப்பா தரும் காசு பிள்ளையின் சேட்டுப் பைக்குள் வரவேண்டாம்

கேள்வி: நானும் அவரும் பிரிந்து இரண்டு வருசம், விவாகரத்து எடுக்கவில்லை. மகனுக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமையில் தகப்பனோடு டச்பே கடற்கரைக்குப் போய்வருவான், செலவுக் காசை அவர் மகனின் கையில்தான் கொடுத்துவிடுவார். ஒரு மாதம் பத்தாயிரம், அடுத்த மாதம் இரண்டாயிரம், கார்த்திகைக்குப் பிறகு அதுவும் அருமை. கேட்டால் கடல் சரியில்லை, வள்ளம் இறக்கவில்லை என்கிறார். போன கிழமை மகன் வாசலிலேயே நின்று பைக்குள் இருந்து நாலாய் மடித்த காசை எடுத்து நீட்டி, "அப்பாட்ட இவ்வளவுதான் இருந்ததாம், ஏசாதேங்கோ அம்மா" என்றான். காசை ஒழுங்காகத் தரும் வரைக்கும் பிள்ளையை அனுப்பாமல் விடட்டுமா? வழக்குப் போட்டால் விவாகரத்தும் எடுக்க வேண்டி வருமா?

— ஒரு தாய், உப்புவெளி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் அந்த வாசல் காட்சிதான் என்னைப் போட்டு வாட்டுகிறது. ஒன்பது வயதுப் பிள்ளை கடற்கரையில் இருந்து வீடு வரும் வழியெல்லாம் அம்மா என்ன சொல்லுவாவோ என்று நினைத்துக்கொண்டே வந்திருக்கிறான். ஆகவே தொகை எவ்வளவு என்ற கதைக்கு முதல், காசு வரும் வழியை மாற்றுங்கள். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்குப் போதும், இந்தக் கணக்கில் போடுங்கள் என்று அவருக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள், அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருங்கள்.

பிள்ளையை மறிக்க வேண்டாம். தாபரிப்பு, அதாவது பிள்ளையின் செலவுக்கு மாதாமாதம் கொடுக்கும் காசு வேறு, பிள்ளையைப் பார்ப்பது வேறு. முதலாவது நீதவான் நீதிமன்றத்தில் பார்க்கிற விசயம், பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். நீங்கள் மறித்தால் காசு வரப்போவதில்லை, மகனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லாமல் போகும், நாளைக்கு வழக்கென்று வந்தால் அதையே உங்களுக்கு எதிராகச் சொல்லவும் இடம் இருக்கிறது.

விவாகரத்து தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி, வசதி இருந்தும் பிள்ளையைப் பராமரிக்காத தாயிடமோ தகப்பனிடமோ மாதாந்தத் தொகை கேட்கலாம், பதிவுத் திருமணம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கும் இது பொருந்தும். பிள்ளைக்கு 18 வயது வரை, தன் செலவைத் தானே பார்க்க முடியாத நிலையில் இருந்தால் 25 வரைக்கும்கூடக் கேட்க வழி இருக்கிறது. நீங்கள் இருக்கும் பகுதி நீதவான் நீதிமன்றத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், நீதவான் காரணம் காட்டி வேறு திகதி சொன்னால் ஒழிய, விண்ணப்பம் போட்ட திகதியில் இருந்துதான் காசு கணக்காகும், அதனால் அடுத்த தைக்குப் பார்ப்போம் என்று நீங்கள் தள்ளிப்போடும் மாதங்கள் எல்லாம் மகனுக்குத்தான் நட்டம். வழக்கு முடியும் வரை இடைக்காலக் கட்டளையும் கேட்கலாம்.

இனி அந்தக் கடல் கதை. நம்முடைய பக்கத்தில் வாடைக்காற்று தொடங்கினால் சின்ன வள்ளம் இறக்க முடியாது என்பது உண்மை, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் பிள்ளை மாரியிலும் சாப்பிடவேண்டும். நல்ல மாதமும் கெட்ட மாதமும் சேர்த்து வருசத்துக்கு எவ்வளவு உழைக்கிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். வள்ளமும் எஞ்சினும் அவருடையதா, கூலிக்குப் போகிறாரா, மீன் வாங்கும் எந்த வாடிக்கு மீன் போடுகிறார், இதையெல்லாம் நீங்கள் சொல்லாமல் சட்டத்தரணிக்குத் தெரியவராது. சொந்த வள்ளம் என்றால் கடற்றொழில் திணைக்களத்தில் பதிவு இருக்க வேண்டும். உங்கள் பக்கத்துக்கு ஒரு கொப்பி வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அப்படித்தான் வைத்திருந்தா, இடப்பக்கம் வந்த காசு திகதியோடு, வலப்பக்கம் டியூசன் காசு, வான் காசு, சப்பாத்து, மருந்து என்று துண்டுகளைப் பசை போட்டு ஒட்டி. நீதிமன்றத்தில் "எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டபோது அவ யோசிக்கவே இல்லை, பக்கத்தைத் திருப்பிக் காட்டினா.

கட்டளை வந்த பிறகும் கட்டாமல் விட்டால்? நிலுவையைத் தண்டப்பணம் அறவிடுவது போல அறவிட நீதவான் ஆணை போடலாம், அப்படியும் வராவிட்டால் தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம், மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்தில் கழிக்கவும் கட்டளை இடலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, அடையாள அட்டை, பிறகு அந்தக் கொப்பி.

கேள்வி: நான் மாதாமாதம் மகளுக்குக் காசு கொடுத்தேன், எல்லாம் கையில். இப்போது மகளின் தாய் எட்டு மாதம் நிலுவை என்று வழக்குப் போட்டிருக்கிறா. போதாததற்கு எனக்கு ஓவர்டைமையும் வெட்டிவிட்டார்கள்.

— ஒரு தகப்பன், சீனக்குடா

பதில்: தம்பி, கையில் கொடுத்ததற்கு ரசீதோ மெசேஜோ சாட்சியோ இல்லாவிட்டால் நீங்கள் சொல்வது மட்டும்தான் மிச்சம். சம்பளம் வந்த அன்றே வங்கியில் எடுத்த பதிவுகள், "காசு கிடைத்தது" என்று அவ அனுப்பிய ஒரு வரி, எது இருந்தாலும் தேடி எடுங்கள். வருமானம் குறைந்திருந்தால் தொகையை மாற்றச் சொல்லி அதே நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம், புதிய சம்பளச் சீட்டைக் கொண்டுபோங்கள். ஆனால் நீங்களாகவே குறைத்துக் கட்டாதீர்கள், கட்டளை மாறும் வரை பழைய தொகைதான் நிலுவையாக ஏறும். கஷ்டமாக இருந்தாலும் இந்த மாதத்தில் இருந்து கணக்கில் போடுங்கள்.

கேள்வி: நான் கிண்ணியா, முஸ்லிம். எனக்கும் இதே நீதவான் நீதிமன்றமா?

பதில்: இல்லை ராத்தா, நீங்கள் முதலில் உங்கள் பகுதிக் காதி நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் பிள்ளைத் தாபரிப்பைக் காதிதான் விசாரிப்பார். காதி கட்டளையிட்டும் அவர் கட்டவில்லை என்றால், அறவிடும் கட்டத்தில் விசயம் நீதவானிடம் போகும். காதியிடம் போகும்போதும் செலவுக் கொப்பியைக் கையில் கொண்டுபோங்கள்.