நரம்பியல் கேள்வி - பதில்: வலிப்பைக் கண்டவரை அழைத்து வாருங்கள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. ஓராண்டாக வலக்கை நடுங்குகிறது. சி.ரி. ஸ்கானில் ஒன்றுமில்லை என்றார்கள். பார்க்கின்சன் இல்லை என்று ஆறுதல் அடையலாமா? (சாவகச்சேரி)

பதில்: அடைய முடியாது. அந்த ஸ்கான் பார்க்கின்சன் நோயைக் காட்டாது. வேறு காரணங்களை விலக்கவே அதை எடுக்கிறோம். 1817 இல் இந்நோயை விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரை வைத்தே எழுதினார். அவர்களுள் சிலரை அவர் தெருவில் கண்டதோடு சரி. இன்றும் நோயாளியைப் பார்த்தே நிர்ணயிக்கிறோம். கை மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்குகிறதா, தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது நடுங்குகிறதா என்ற முக்கியமான செய்தியை நீங்கள் எழுதவில்லை. முன்னையது பார்க்கின்சனையும், பின்னையது பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்ந்து வரும் வேறொரு நடுக்கத்தையும் சுட்டும். தலைச்சுற்றுக்கென நீண்ட நாள் எடுக்கும் சில மாத்திரைகளும் இதே தோற்றத்தைத் தருவதால், அவர் பாவிக்கும் மருந்துகள் அனைத்தையும் கொண்டு வாருங்கள்.

கேள்வி: மகனுக்கு 19 வயது. இரண்டு முறை வலிப்பு வந்து மாத்திரை தொடங்கினார்கள். பிறகு எடுத்த ஈ.ஈ.ஜி. சாதாரணம் என வந்ததால் மாத்திரையை நிறுத்திவிட்டோம். சரிதானே? (அச்சுவேலி)

பதில்: சரியல்ல. இன்றே அவரைப் பார்த்த வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். சடுதியாக நிறுத்தினால், இடைவிடாது தொடர்ந்து உயிரைப் பறிக்கக்கூடிய வலிப்பு வரலாம்.

மூளையின் மின்னலைகளை ஹான்ஸ் பேர்கர் 1924 இல் மனிதரில் முதன்முதலாகப் பதிவு செய்த நாளிலிருந்து ஈ.ஈ.ஜி. பயனுள்ள கருவியாக இருந்து வருகிறது. ஆனால் அது பதிவது அரை மணி நேரத்தை மட்டுமே. வலிப்பு நோயுள்ளவர்களிலேயே ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதற் பதிவு சாதாரணமாக வரும்; வலிப்பே வராத சிலருக்குப் பிசகாகவும் வரும். ஆகவே நோயை நிர்ணயிப்பது அந்தத் தாள் அன்று, நடந்ததைக் கண்டவரின் வாய்மொழி. நெடுநேரம் வெயிலில் நின்று, கண் இருண்டு, முகம் வெளிறி விழுந்து, சில நொடிகளில் தெளிந்தவர் மயங்கியவராக இருக்கலாம். உடல் விறைத்து, நாக்கின் ஓரம் கடிபட்டு, எழுந்த பின்னும் பல நிமிடம் ஆட்களை அடையாளம் தெரியாமல் குழம்பியவருக்கு வந்தது பெரும்பாலும் வலிப்பு. இதை நோயாளியால் சொல்ல இயலாது, அவருக்கு நினைவிருக்காது. ஆனாலும் நோயாளியையும் தடித்த கோப்பொன்றையும் மட்டும் அனுப்பிவிட்டு, கண்ட தாயாரை வீட்டில் விட்டு வருகிறார்கள். ஸ்கானுக்குச் செலவழித்த பணத்தைவிட அந்தத் தாயார் சொல்லும் ஐந்து நிமிடக் கதை பெறுமதியானது. கண்டவரை அழைத்து வாருங்கள்; கைபேசியில் காணொளி இருந்தால் இன்னும் நல்லது.

மறுபடி வந்தால், சாவியையோ இரும்பையோ கையில் திணிக்காமல், வாயில் எதையும் வைக்காமல், ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டவோ, கீரிமலைக் கேணியில் தனியாக இறங்கவோ இப்போதைக்கு விடாதீர்கள். வலிப்பின்றி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே மருந்தைக் குறைப்பது பற்றி வைத்தியர் யோசிப்பார், அதுவும் படிப்படியாகத்தான்.

கேள்வி: பத்து நாளாக முகம் ஒருபக்கம் கோணியிருக்கிறது. எண்ணெய் பூசுகிறோம். (காரைநகர்)

பதில்: பத்து நாள் பொறுத்தது பிழை. நெற்றியும் சுருங்காவிட்டால் பெரும்பாலும் முகநரம்பின் வாதம். அதற்கான ஸ்டீரொயிட் மாத்திரை முதல் 3 நாட்களுக்குள் தொடங்கினாற்றான் நன்கு உதவும். நெற்றி சுருங்கி வாய் மட்டும் கோணியிருந்தால் பாரிசவாதமாக இருக்கலாம். எதுவாயினும் இன்றே காட்டுங்கள். அதுவரை மூட முடியாத கண்ணை உலரவிடாதீர்கள்.

கேள்வி: இரவு ஒன்பது மணிக்கு அம்மாவின் இடக்கை விழுந்துவிட்டது. அஸ்பிரின் கொடுத்துப் படுக்க வைத்து, விடிந்ததும் கொண்டு சென்றோம். ஊசி போட முடியாது என்றுவிட்டார்கள். ஏன்? (வேலணை)

பதில்: மூளையின் இரத்தக் குழாயில் ஏற்படும் அடைப்பைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும், விடியும்போது அந்த நேரம் கடந்துவிட்டது. அடைப்பா இரத்தக் கசிவா என்பது ஸ்கானின் பின்னரே தெரியும். கசிவாயின் அஸ்பிரின் கேடு செய்யும். இனி யாருக்கேனும் இப்படி நேர்ந்தால் வாயால் எதுவும் கொடுக்காமல், தொடங்கிய மணியைக் குறித்துக்கொண்டு, 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள். அம்மாவுக்கு உடற்பயிற்சிச் சிகிச்சையை இப்போதே தொடங்குங்கள்.

கேள்வி: நீரிழிவுக்கு மெற்போமின் எடுக்கிறேன். பாதம் எரிகிறது. (மானிப்பாய்)

பதில்: சர்க்கரையின் அளவோடு, இந்த மாத்திரையால் குறையக்கூடிய விற்றமின் பி12 அளவையும் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: இடுப்பு எம்.ஆர்.ஐ. அறிக்கை இணைத்துள்ளேன். சத்திரசிகிச்சை தேவையா? (ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: வயது இல்லை, என்ன வருத்தம் என்று இல்லை, எவ்வளவு காலம் என்றும் இல்லை. நாரி நோவே இல்லாதவர்களிலும் பலருக்கு முள்ளந்தண்டுத் தட்டுப் பிதுக்கம் ஸ்கானில் தெரியும். அறிக்கையை மட்டும் பார்த்து எவரும் கத்தி வைக்கக் கூடாது. சிறுநீர் அடைபட்டாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, கால் பலம் குறைந்துகொண்டு வந்தாலோ பதிலுக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.