இன்ஸ்டாகிராம் இருக்கும்போது எங்கள் விடுதிக்கு வெப்சைட் தேவையா?

கேள்வி: நானும் கணவரும் எட்டு அறைகள் உள்ள சிறிய தங்கும் விடுதி நடத்துகிறோம். வருடச் சராசரியாகப் பாதி அறைகள் நிரம்பும். அதில் 60 சதவிகிதம் புக்கிங் தளங்கள் மூலம் வருகிறது. மீதி இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், தெரிந்தவர்கள் சொல்லி வருவது. சொந்தமாக வெப்சைட் போடலாமா என்று யோசிக்கிறோம். "இப்போ யாரு அக்கா வெப்சைட் பார்க்கிறாங்க? அந்தப் பணத்தை இன்ஸ்டா விளம்பரத்துல போடு" என்கிறான் தம்பி. கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. போதாததற்குக் கடன் வாங்கலாமா?

பதில்: வெப்சைட் போடுங்கள். கடன் வாங்காமல் போடுங்கள். எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்பதை உங்கள் கணக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

பணத்தில் பேசாமல் அறை-இரவில் பேசுவோம். ஓர் அறை ஓர் இரவு வாடகைக்குப் போனால் அது ஓர் அறை-இரவு. எட்டு அறை, 365 நாள் என்றால் வருடத்துக்கு 2,920. பாதி நிரம்பினால் 1,460. அதில் 60 சதவிகிதம், அதாவது 876 இரவுகள், புக்கிங் தளங்கள் வழியாக விற்கின்றன. தளங்களின் கமிஷன் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். 15 சதவிகிதத்தை ஒட்டியும் இருக்கும், 20-ஐத் தாண்டியும் போகும். 18 என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு ஏறக்குறைய 158 இரவுகளின் வாடகை கமிஷனாகவே போகிறது. 158 இரவுகள் அறையைக் கூட்டிப் பெருக்கி, விரிப்பு மாற்றி, வந்தவரை வரவேற்று, வாங்கிய வாடகையை முழுசாக வேறொருவர் கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

அந்தக் கமிஷன் வீண் என்று சொல்ல வரவில்லை. உங்களை அறியாத ஒருவரைத் தேடிக் கூட்டிவருவதற்கு அது கூலி; கொடுத்துத்தான் ஆக வேண்டும். எனக்கு மனம் பொறுக்காதது வேறு. தளம் அனுப்பும் மாதாந்தரக் கணக்கை எடுத்துப் பாருங்கள். விருந்தினர் பெயர், வந்த நாள், கிளம்பிய நாள், வாடகை, கமிஷன் என்று வரிசையாக இருக்கும். கடந்த 12 மாதத்துக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாம் முறையாக வந்தவர்களின் பெயர்களைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அவர்களுக்கு உங்கள் விடுதி தெரியும், உங்களையும் தெரியும். அப்படியிருந்தும் தளம் வழியாக ஏன் வந்தார்கள்? இரவு பதினொரு மணிக்கு அறை காலியா என்று பார்த்து, பணம் கட்டி, உறுதிச் செய்தி வாங்க அவர்களுக்கு வேறு இடம் இல்லை. இன்ஸ்டாகிராமில் "ரூம் இருக்கா?" என்று கேட்டால் நீங்கள் காலையில்தான் பதில் போடுவீர்கள். அதற்குள் அவர் வேறெங்கோ பதிவு செய்திருப்பார்.

முதல்முறை வருபவர்களிலும் பலர் தளத்தில் உங்களைப் பார்த்தபின் விடுதியின் பெயரைப் போட்டுத் தனியாகத் தேடுகிறார்கள். 2009-இல் கார்னெல் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், எக்ஸ்பீடியா என்ற புக்கிங் தளத்தில் இடம்பெற்ற ஹோட்டல்களுக்கு அந்தத் தளத்துக்கு வெளியே நேரடியாக வரும் பதிவுகளும் கூடியது தெரிந்தது. அப்படித் தேடி வருபவர் கண்ணில் உங்கள் பக்கம் படாவிட்டால், மறுபடி தளத்துக்கே திரும்பிப் போவார். அதனால் தளங்களை விட்டு வெளியே வரச் சொல்லவே மாட்டேன். அவை கூட்டிவரட்டும், வந்தவர் நேராக நுழைய உங்களிடம் ஒரு வாசல் இருக்கட்டும்.

இனி வரம்பு. முதல் வருடம் அந்த 876-இல் பத்தில் ஒரு பங்குதான் உங்கள் வெப்சைட்டுக்கு மாறும் என்று அடக்கமாகவே கணக்கிடுங்கள். 88 இரவுகள். மிச்சமாகும் கமிஷன் 16 இரவு வாடகை. ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்கு இரண்டு, மூன்று சதவிகிதம் கழித்தால் கையில் நிற்பது 13 இரவு வாடகைக்குச் சற்று மேல். வடிவமைப்பு, டொமைன் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (வெப்சைட்டை வைக்கும் இணைய இடத்துக்கான வாடகை), புக்கிங் மென்பொருள் எல்லாம் சேர்ந்து முதல் வருடச் செலவு அந்த 13-க்குள் அடங்கினால் யோசிக்காமல் செய்யுங்கள். ஐந்தில் ஒரு பங்கு மாறினால் மிச்சம் 27 இரவு வரை வரும். 27-ஐத் தாண்டி விலை சொல்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எட்டு அறைக்கு அவ்வளவு பெரிய வெப்சைட் தேவையே இல்லை. போனில் சட்டென்று திறக்க வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் உண்மையான படம், வாடகை, காலியிருக்கும் தேதி, ரத்து விதி, வரைபடம், தொட்டால் அழைக்கும் போன் எண் இருந்தால் போதும்.

தம்பி சொல்வதிலும் பாதி சரி. ஆட்களை ஈர்ப்பதில் இன்ஸ்டாகிராமுக்கு ஈடில்லை. ஆனால் விளம்பரத்துக்குப் போடும் பணம் நிறுத்திய அன்றே வேலை செய்வதை நிறுத்திவிடும். பார்த்தவர் பெயரோ மின்னஞ்சலோ உங்களிடம் தங்காது. சேமிப்பு முழுவதையும் ஒரே நிறுவனத்தின் பங்கில் போடாதீர்கள் என்று பண விஷயமாக என்னிடம் வருபவர்களுக்குச் சொல்வேன். வாடிக்கையாளர் தொடர்பு முழுவதையும் ஒரே செயலியில் வைப்பதும் அதே ஆபத்துதான். 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று பேஸ்புக் அறிவித்தபோது, தொழில் பக்கங்களின் பதிவுகள் பின்னுக்குப் போயின. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்தே ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. உங்கள் மீதி 40 சதவிகிதத்தில் பெரும்பகுதி இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் என்ற இரண்டு செயலிகளில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் உரிமையாளர் பேஸ்புக்கை நடத்தும் அதே நிறுவனம்.

இலவசமாகக் கிடைக்கும் பக்கமும் சொந்தம் ஆகிவிடாது. கூகுள் தேடலிலும் மேப்பிலும் தொழில் விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் சிறு தொழில்கள் இலவசமாக உருவாக்கியிருந்த வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்திவிட்டது. அந்த முகவரியைப் பெயர்ப்பலகையிலும் விசிட்டிங் கார்டிலும் அச்சடித்தவர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே டொமைன் பெயர் கட்டாயம் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகட்டும். வடிவமைப்பாளர் "நானே பார்த்துக்கறேன்" என்று தன் பெயரில் எடுக்க விடாதீர்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. டாட் காம் போன்ற பெயர்களை ஒரே தடவையில் 10 வருடம் வரை பதிவு செய்துகொள்ளலாம்.

உங்கள் வெப்சைட்டில் வாடகையைக் குறைத்துப் போடும் முன் தளத்தின் ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். வேறெங்கும் குறைந்த விலை காட்டக் கூடாது என்ற நிபந்தனை சிலவற்றில் உண்டு. பிரான்ஸ் 2015-இலேயே இதைச் சட்டத்தால் தடுத்தது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் புக்கிங் டாட் காம் 2024 ஜூலையில் இதைக் கைவிட்டது. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை இருந்தால் விலையில் கை வைக்காதீர்கள். நேரடியாகப் பதிவு செய்பவருக்கு அறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, தாமதமாக அறையைக் காலி செய்யும் சலுகை என்று கொடுங்கள்.

கடன் விஷயம். சீசன் இல்லாத மாதங்களைத் தாங்க, குறைந்தது மூன்று மாதச் செலவுக்கான தொகை தனியாக இருக்க வேண்டும். சேமிப்பில் அதை ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதில்தான் வெப்சைட். மிஞ்சவில்லை என்றால் இப்போதைக்கு டொமைனை மட்டும் வாங்கி, ஒரே ஒரு பக்கத்தில் படங்களும் போன் எண்ணும் போடுங்கள். புக்கிங் வசதியை அடுத்த சீசன் வருமானத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.