வங்குக்குள்ள மாத்திரை போடலாமுங்களா?

கேள்வி: வணக்கமுங்கண்ணா, எங்க ஊடு பெருந்துறைக்கு பக்கத்துல. பொடக்காலில மரவள்ளி, சேனை கொஞ்சம் வச்சிருக்கேன். செடி மேல பச்சையா நிக்குது, புடுங்கினா அடியில கிழங்கே இல்ல, பெருச்சாளி தின்னுபோட்டுப் போயிருது. செவுத்தோரமெல்லாம் அது தோண்டுன வங்கு (பொந்து). பக்கத்தூட்டு மாமா நெல்லு மூட்டைக்கு வைக்கிற மாத்திரைய வங்குல போட்டு மூடச் சொல்றாரு. நாய் இருக்கு, சின்னக் கொழந்தையும் இருக்கு. போடலாமுங்களா?

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மணி. அது அலுமினியம் பாஸ்பைடு, மண்ணு ஈரம் பட்டாலே பாஸ்பீன் கேஸ் வரும், வங்கு செவுத்தோரமா இருந்தா ஊட்டுக்குள்ளயே ஏறி வந்துரும், மாத்து மருந்தும் கெடையாது. சாதாரண ஆளுகளுக்கு அதை விக்கவே கூடாதுன்னுதான் ரூல், ஆனா யார் கேக்கறாங்க. எலி பேஸ்ட்டும் அதே கதைதான், மஞ்சள் பாஸ்பரஸ் ஈரலையே காலி பண்ணிரும், தமிழ்நாட்டுல தடை போட்டாச்சு.

மொதல்ல எந்த வங்குல ஆள் இருக்குதுன்னு பாருங்க. சாயங்காலம் எல்லா வாயையும் மண்ணு போட்டு மூடிருங்க, காலைல எது தொறந்து கெடக்குதோ, பக்கத்துல புதுமண்ணு பொலபொலன்னு குமிஞ்சிருக்குதோ அதுதான் குடியிருக்கற வங்கு. அந்த வழியில பெரிய இரும்புக் கூண்டு வைங்க, சுண்டெலிப் பொறியெல்லாம் இதுக்கு ஆகாது, பெருசு ஒரு கிலோ பக்கம் வரும். வச்ச அன்னைக்கே மாட்டும்னு நெனைக்காதீங்க, புதுசா எதைப் பாத்தாலும் சந்தேகப்படற சாதி அது, அதனால ரெண்டு மூணு ராத்திரி கதவை தொறந்தபடியே கட்டி வச்சுட்டு உள்ள சுட்ட கருவாடோ தேங்காக் கீத்தோ சும்மா போட்டு வைங்க, தின்னு பழகுனப்பறம் பொறிய ஏத்துங்க. கூண்டை வெறுங்கையில தொடாதீங்க, எலிக்காய்ச்சல் அது மூத்திரத்துல இருந்துதான் வருது.

வங்குல தண்ணி ஊத்தறதெல்லாம் தோட்டத்து நடுவுல செய்யலாம், செவுத்துக்கிட்ட ஊத்துனா அஸ்திவாரம்தான் எறங்கும். அந்துருண்டை போட்டா மண்ணைத் தள்ளி மூடிட்டு வேற பக்கம் வாய் வச்சுக்கும். சத்தம் போடற மெஷின் விக்கறாங்களே, அந்தச் சத்தம் மண்ணுக்குள்ள போகவே போகாது, காசு தண்டம்.

இன்னொன்னு, தை மாசில சுத்துப்பட்டுல மஞ்சள் வெட்டு, கரும்பு வெட்டு முடிஞ்சா காட்டுல இருக்கறதெல்லாம் ஊட்டுப் பக்கம்தான் வரும். அதுக்குள்ள சோளத்தட்டுப் போரு, தென்னமட்டைக் குவியல் எல்லாத்தையும் செவுத்த விட்டுத் தள்ளிப் போடுங்க, நாய்க்கு வச்ச சோறு மிஞ்சுனா ராத்திரி எடுத்துருங்க. நீங்க மட்டும் புடிச்சா பத்தாது, அந்த மாமாவையும் கூட்டுச் சேத்துக்கங்க. சேனைப் பாத்திய சுத்தி ரெண்டடி ஆழத்துக்கு கம்பி வலை எறக்குனா செலவாகும்தான், ஆனா வருசக்கணக்குல நிக்கும்.

கேள்வி: வங்குக்கு சாரைப்பாம்பு வருதுங்க, அடிச்சிரலாமா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: ஏனுங்க, சம்பளமில்லாத வேலைக்காரனை எதுக்கு அடிக்கறீங்க? சாரைக்கு விசமில்ல, எலியத் தின்னுட்டு அதும்பாட்டுக்கு போயிரும். ஆனா நாகமும் அதே வங்குல படுக்கும், அதனால கைய உட்டுத் தொழாவற வேலை மட்டும் வேண்டாம்.