பாடசாலையில் கப்பம் கேட்டு மிரட்டினால் பிள்ளை என்ன செய்வது?

கப்பம் என்றால் மிரட்டிப் பறிக்கும் காசு. பாடசாலையில் அது பெரும்பாலும் கன்டீனுக்குப் போகிற வழியில் "ஒரு ஐம்பது ரூபாய் தா" என்றுதான் தொடங்கும். கேட்பவனுக்குத் துணிச்சல் வருவதே பிள்ளை தனியாக நிற்பதாலும் பயந்து வெளியே சொல்லாததாலும்தான். நம் திருகோணமலைக் கோட்டைப் பக்கம் திரிகிற மானுக்கு ஒருநாள் பாண் துண்டு கொடுத்துப் பாருங்கள், அடுத்த நாளும் அதே இடத்தில் வந்து நிற்கும் (மான் பாவம், அதற்குப் பசி). இதுவும் அப்படித்தான். ஆனால் கத்தி கித்தி காட்டினால் வீரம் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே வகுப்பாசிரியரிடமும் வீட்டிலும் சொல்லுங்கள், அப்புறம் கொஞ்ச நாள் கூட்டாளிகளோடு சேர்ந்தே போய் வாருங்கள். பலர் நினைப்பதுபோல, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்பது பெரியவர்கள் மட்டும் எடுக்கிற தொலைபேசி இலக்கம் இல்லை. பிள்ளையே இலவசமாக அழைக்கலாம்.