சிபிஎஸ்ஸில் பாராலீகல் வேலை சொலிசிட்டர் ஆவதற்குக் கணக்கில் சேருமா?

இங்கிலாந்தின் லெஸ்டரில், சிபிஎஸ் என்ற அரசு வழக்குத்தொடரும் துறையில் ஒன்றரை வருடமாகப் பாராலீகல் (சட்ட உதவியாளர்), சொலிசிட்டர் என்ற வழக்கறிஞராகப் பயிற்சி பெறும் டிரெய்னி இடம் கிடைக்கவில்லை, இந்தக் காலம் வீண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை. 2021 செப்டம்பரில் எஸ்க்யூஇ என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வு முறை வந்த பிறகு, டிரெய்னி என்ற பட்டம் கட்டாயமில்லை. இரண்டு வருட முழுநேரச் சட்டப்பணி அனுபவம் போதும். அதை அதிகபட்சம் நான்கு இடங்களில் சேர்க்கலாம், பாராலீகல் வேலையும் சேரும்.

ஆனால் காகிதம் அடுக்கியதை மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள். சாட்சியத்தைப் படித்து, தண்டனை கிடைக்க நியாயமான வாய்ப்பு உண்டா, வழக்குத் தொடர்வதில் பொதுநலன் உண்டா என்று வழக்கறிஞருக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தீர்களா? அதுதான் எடுபடும். இன்றிலிருந்தே தேதி போட்டு எழுதி வையுங்கள். உங்கள் வேலையை நேரில் பார்த்த சொலிசிட்டர் ஒருவர் உறுதி செய்ய வேண்டும். அவர் இடம் மாறிப்போகும் முன் கையெழுத்தைக் கேட்டுவிடுங்கள், இதில் கூச்சமே வேண்டாம்.

அப்புறம் தேர்வு. குற்றவியல் மட்டும் தெரிந்தால் எஸ்க்யூஇயின் முதல் கட்டத் தேர்வில் தேற முடியாது. 360 கேள்விகளில் சொத்து, உயில், வணிகச் சட்டம் எல்லாம் வரும். அலுவலகம் சொல்லித்தராத பகுதி அது, மாலை நேரத்தை அதற்கே ஒதுக்குங்கள்.