சக்கரம் வாங்குமுன் குச்சியை எடுங்கள்

பழைய அமெரிக்க வண்டிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 1969 ஷெவ்ரலே கமாரோ இருக்கிறது. இப்போது 14 அங்குலச் சக்கரம், நான்கிலும் டிரம் பிரேக். முன்பக்கத்துக்கு டிஸ்க் பிரேக் கிட் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பூட்டவில்லை. பின்டயர் மட்கார்டை நிறைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது ஆசை. மகன் 20 அங்குலம் போடச் சொல்கிறான். எனக்கு 15தான் பிடிக்கிறது. எந்த அளவு வாங்குவது?
– டாலஸ் வாசகர்

பதில்: என் ஓட்டு உங்களுக்குத்தான். மகன் கோபித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கணக்கைக் காட்டுங்கள்.

அந்த வருடத்து கமாரோவின் எஸ்எஸ் மாடலில் எஃப்70-14 என்ற டயர் வந்தது. எஃப் என்ற எழுத்து எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கு. 70 என்றால் டயரின் பக்கச்சுவர் உயரம் அதன் அகலத்தில் 70 சதவீதம். 14 ரிம்மின் விட்டம். (கோவையில் அப்பா ஓட்டிய அம்பாசிடர் டயரில் 5.90-15 என்று மட்டும் இருக்கும். பக்கச்சுவரைப் பற்றி அது வாயே திறக்காது.) இந்த எஃப்70-14 தரையிலிருந்து உச்சிவரை சுமார் 26 அங்குலம். ஸ்பீடோமீட்டர், பின் ஆக்சில் கியர், மட்கார்டு வளைவு எல்லாம் அந்த உயரத்தை மனதில் வைத்துச் செய்தவை.

இப்போது 235/60ஆர்15 டயரைப் பாருங்கள். 235 என்பது அகலம், மில்லிமீட்டரில். அதில் 60 சதவீதம் 141 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து 282. 15 அங்குல ரிம் 381. மொத்தம் 663 மில்லிமீட்டர், அதாவது 26.1 அங்குலம். சரியாக உட்கார்ந்துவிட்டது. 17 அங்குலத்தில் 255/45ஆர்17 போட்டாலும் 661தான் வரும். மகன் கேட்கும் 20 அங்குல ரிம் மட்டுமே 508 மில்லிமீட்டர். அதே உயரத்துக்குள் அடக்கினால் பக்கச்சுவருக்கு மிஞ்சுவது மூன்று அங்குலம். 15-ல் ஐந்தரை இருக்கும். ஒரு குழியில் விழுந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும். உயரத்தைக் கூட்டி 28 அங்குலமாக்கினாலோ, மீட்டர் 65 காட்டும்போது நீங்கள் 70-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். போலீஸ்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பயனில்லை.

விட்டம் இத்தோடு முடிந்தது. ஆட்களை மாட்டிவிடுவது பேக்ஸ்பேசிங். வீலைக் குப்புறப் போட்டு, பின்விளிம்பின் மேல் குறுக்கே ஒரு நேரான குச்சியை வையுங்கள். குச்சியிலிருந்து, ஹப்பில் (வண்டியில் வீல் பூட்டும் நடுப்பாகம்) உட்காரும் முகம்வரை உள்ள ஆழம்தான் அது. '8 அங்குல வீல்' என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம். விளிம்புக்கு விளிம்பு அளந்தால் ஏறக்குறைய 9 வரும். ஆகவே பேக்ஸ்பேசிங் நாலரை என்றால் ஹப் முகம் நட்டநடுவில், ஆஃப்செட் (நடுவிலிருந்து விலகல்) பூஜ்யம். அதற்குக் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும், கூடினால் உள்ளே போகும்.

நான் மாட்டியதைச் சொல்கிறேன். என்னுடையது 1970 ஷெவெல். பல வருடம் முன்னால், 15க்கு 8 வீல் (விட்டம் 15, அகலம் 8 அங்குலம்), பேக்ஸ்பேசிங் மூன்றே முக்கால், அதில் 255/60ஆர்15 டயர். "எல்லா ஷெவெல்லுக்கும் உட்காரும்" என்று விற்றவர் சத்தியம் செய்தார். தனியாக ஓட்டும்வரை உட்கார்ந்துதான் இருந்தது. ஆகஸ்ட் மாதம் டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் சாலையில் நடக்கும் டிரீம் குரூஸுக்கு மனைவி, பின்சீட்டில் இரண்டு பையன்கள், டிக்கியில் ஐஸ் பெட்டி, புளியோதரைப் பாத்திரம் சகிதம் கிளம்பினேன். முதல் மேட்டிலேயே ரப்பர் கருகும் வாசனை. இறங்கிப் பார்த்தால் இடப்பக்க மட்கார்டின் உள்மடிப்பு, டயரில் இருந்த வெள்ளை எழுத்தில் பாதியைச் சீவி எடுத்திருந்தது. வலப்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை! அப்புறம் அளந்தபோதுதான் ஆக்சிலே கால் அங்குலத்துக்கு மேல் இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அந்தக் காலத்து வண்டிகளில் இது சகஜம். அதனால் இரண்டு பக்கமும் அளக்காமல் வாங்காதீர்கள்.

அளப்பது இப்படி. பின்சக்கரத்தைக் கழற்றி, ஸ்டாண்டைப் பாடிக்குக் கொடுக்காமல் ஆக்சிலுக்கு அடியில் கொடுங்கள். அப்போதுதான் வண்டி தன் எடையில் உட்காரும். டிரம்மின் முகத்திலிருந்து உள்ளே லீஃப் ஸ்பிரிங், உள்சுவர் எது முதலில் வருகிறதோ அதுவரை ஓர் அளவு. வெளியே மட்கார்டு மடிப்புவரை இன்னோர் அளவு. கமாரோவில் உள்ளே மறிப்பது பெரும்பாலும் லீஃப் ஸ்பிரிங்தான். இரண்டு பக்கமும் அரை அங்குலமாவது இடைவெளி விட்டு, மிச்சத்தில் டயரை அடக்குங்கள்.

உங்கள் வண்டிக்கு நான் முதலில் அளந்து பார்ப்பது: பின்னால் 15க்கு 8 வீல், பேக்ஸ்பேசிங் நாலரை, 235/60ஆர்15. 255/60ஆர்15 பல கமாரோக்களில் போகிறது, பார்வைக்கும் கம்பீரம். ஆனால் அது 27 அங்குல உயரம், மடிப்பைத் தட்டி மடக்க வேண்டியும் வரலாம். முன்னால் 15க்கு 7, பேக்ஸ்பேசிங் நாலு முதல் நாலேகால், 225/60ஆர்15. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்க்காமல் முன்சக்கரம் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

பிரேக் கிட்டை முதலில் பூட்டிவிட்டு அப்புறம் வீலுக்குப் பணம் கட்டுங்கள். சில கிட்கள் ஹப் முகத்தையே வெளியே தள்ளிவிடும். டிரம் காலத்து 14 அங்குல வீல் கேலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) இடிக்கலாம்.

கடைசியாகத் துளைகள். உங்களுக்கு ஐந்து துளை, 4.75 அங்குல வட்டம், அதாவது 120.65 மில்லிமீட்டர். பிஎம்டபிள்யூ வீல் 120 என்பதால் 'போகும்' என்று யாராவது தள்ளிவிடப் பார்ப்பார்கள். முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லாத வித்தியாசம்தான், ஆனால் நட்டு நேராக உட்காராது. வேண்டாம்.

கேள்வி: 1967 பான்டியாக் ஜிடிஓ. பழைய பயாஸ் டயரை (உள்நூல் சாய்வாக ஓடும் அந்தக் காலத்து வகை) எடுத்துவிட்டுப் புது ரேடியல் (இன்றைய வகை) போட்டேன். நெடுஞ்சாலையில் வண்டி இரண்டு பக்கமும் அலைகிறது. டயரில் கோளாறா?
– நியூ ஜெர்சி வாசகர்

பதில்: டயரைக் குறை சொல்லுமுன் அலைன்மென்ட் பார்த்தவர் எந்த எண்களை வைத்தார் என்று கேளுங்கள். 1967-ன் கையேட்டைப் பார்த்து வைத்திருந்தால் அது பயாஸ் டயருக்கான கணக்கு. காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சு பின்னால் சாயும் கோணம்) மிகக் குறைவு. ரேடியலுக்கு நேர் காஸ்டர் இரண்டு மூன்று டிகிரியாவது வேண்டும், கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) துளி நெகட்டிவாக, அதாவது மேல்முனை உள்ளே சாய்ந்து இருந்தால் நல்லது. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி என்றால் திருப்பக் கொஞ்சம் கனக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்படியும் அலைந்தால் பால் ஜாயின்டையும் ஸ்டியரிங் பெட்டியையும் ஆட்டிப் பாருங்கள். முன்னால் ரேடியல், பின்னால் பயாஸ் என்று கலந்து மட்டும் ஓட்ட வேண்டாம்.

கேள்வி: வாங்கிய மஸ்டாங்கில் டயர் பட்டன் புதுசுபோல இருக்கிறது. டாட் எண்ணின் (பக்கச்சுவரில் DOT என்று தொடங்குவது) கடைசியில் மூன்றே இலக்கம். ஓட்டலாமா?
– அட்லாண்டா வாசகர்

பதில்: கூடாது. 2000-லிருந்து கடைசி நான்கு இலக்கம் வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். மூன்று இலக்கம் என்றால் அதற்கு முந்தைய, கிழட்டு டயர். வண்டியை ஷெட்டுக்குள் தள்ளி நிறுத்த மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1968 டாட்ஜ் சார்ஜர். புது வீல் மாட்டப் போனால், டிரைவர் பக்க நட்டு கழலவே மாட்டேன் என்கிறது. நாலடிக் குழாய் சொருகி இழுத்ததில் ஒரு ஸ்டட் (நட்டு ஏறும் மரைக்கம்பி) முறிந்தும்விட்டது.
– சிகாகோ வாசகர்

பதில்: ஐயோ, நீங்கள் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்! அந்தக் காலத்து கிரைஸ்லர் வண்டிகளில் இடப்பக்கச் சக்கரத்துக்கு இடமரை. எல்லா இடத்திலும் கழற்றும் திசை அங்கே இறுக்கும் திசை. ஸ்டட் முனையைத் துடைத்துப் பார்த்தால் 'எல்' எழுத்து தெரியும். முறிந்ததை மாற்றும்போதே அந்தப் பக்கம் முழுவதும் வலமரை ஸ்டட்டாக மாற்றிவிடுங்கள்; கடைக்காரப் பையன்களுக்கு இடமரை பற்றி யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். மாற்றாமல் விட்டால் அந்தப் பக்க டிரம்மில் மஞ்சள் பெயின்ட்டால் ஓர் அம்புக்குறி போட்டுவையுங்கள்.