ராட்சத நூல்கோல்: உங்கள் கேள்விகள்

போன இதழில் ராட்சத நூல்கோலைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க நூல்கோல்தான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, பெரிதாகட்டும் என்று நூல்கோலைப் பறிக்காமல் விட்டேன். பெரிதானது, ஆனால் கத்தியே இறங்கவில்லை. உள்ளே ஒரே நார். ராட்சத நூல்கோல் மட்டும் எப்படி நார் இல்லாமல் வருகிறது?

பதில்: அது விதையிலேயே உள்ள குணம். நூல்கோல் வேரும் அல்ல, கிழங்கும் அல்ல. மண்ணுக்கு மேலே உருண்டு பருத்த தண்டு. தண்டு என்றால் தண்ணீரை மேலே கொண்டுபோகும் குழாய்கள் உள்ளே இருக்கும். வயது ஏற ஏற அந்தக் குழாய்களின் சுவரில் லிக்னின் என்ற மரத்தன்மை தரும் பொருள் படிந்து கட்டையாகிவிடும். சாதாரண ரகங்களில் இது சீக்கிரமே தொடங்கிவிடுவதால்தான் 6 முதல் 8 செ.மீ. குறுக்களவிலேயே பறித்துவிடச் சொல்கிறோம். ராட்சத ரகங்களில் இந்த முற்றல் வெகுவாகத் தள்ளிப்போகும். கோசாக், சூப்பர்ஷ்மெல்ஸ், கிகான்ட் போன்றவை 20 செ.மீ. தாண்டிய பிறகும் சதை இளசாகவே இருக்கும்.

கோசாக் வீரிய ஒட்டு ரகம், 80 நாள் வாக்கில் தயாராகிவிடும். கிகான்ட் 130 நாள் வரைகூட எடுக்கும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் கோசாக்கைத்தான் சொல்வேன். விதைப் பாக்கெட்டில் ரகத்தின் பெயர் இல்லாமல் வெறுமனே ‘பெரிய நூல்கோல்’ என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: பாத்தியில் ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டிருக்கிறேன். போதுமா? தொட்டியில் வளருமா?

பதில்: போதாது. ஒரு சாண் சாதாரண நூல்கோலுக்குச் சரி. ராட்சத ரகத்துக்குச் செடிக்குச் செடி குறைந்தது 40 செ.மீ., இடம் இருந்தால் 60 செ.மீ. விடுங்கள். காய் மட்டுமல்ல, இலைகளும் பெரிதாக விரியும். ஒன்றின் நிழலில் இன்னொன்று நின்றால் இரண்டுமே சிறுத்துப்போகும். நட்டுவிட்டவர்கள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒன்று விட்டு ஒன்றைப் பிடுங்குங்கள். பிடுங்கிய இளஞ்செடி வீணாகாது, இலையைச் சமைக்கலாம்.

தொட்டியில் வளரும். 20 லிட்டருக்குக் குறையாத தொட்டியில் ஒரே ஒரு செடி, அவ்வளவுதான்.

கேள்வி: இலை தழைத்துக்கொண்டு வருகிறது, காய் பருக்கவே இல்லை. உரம் போதவில்லையா? இன்னும் எவ்வளவு போடலாம்?

பதில்: இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். கேட்டவர்களில் பெரும்பாலானோர் உரத்தைக் கூட்டவே நினைக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

ராட்சத நூல்கோல் வளர்ப்பதில் எனக்குத் தெரிந்த சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான்: நாற்று முளைத்த நாளிலிருந்து பறிக்கும் நாள்வரை வளர்ச்சி எங்கேயும் நின்றுவிடக் கூடாது. ஒரு முறை நின்று மறுபடி தொடங்கிய செடி பழைய வேகத்துக்கு வருவதில்லை. அதனால் முதலில் எங்கே நின்றது என்று தேடுங்கள்.

நாற்றிலிருந்தே பார்ப்போம். விதையை 1 செ.மீ. ஆழத்தில் போட்டால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். நான்கைந்து வாரத்தில், முதலில் விரியும் இரண்டு வித்திலைகளுக்குப் பிறகு நிஜ இலை நான்கைந்து வந்ததும் எடுத்து நட்டுவிட வேண்டும். குழித்தட்டிலேயே கிடந்த நாற்றைத் தூக்கிப் பாருங்கள். அடியில் வேர் வெள்ளையாகச் சுற்றிச் சுற்றிப் பாய் முடைந்திருந்தால் அது ஏற்கெனவே நின்றுபோன நாற்று. அதற்கு எவ்வளவு உரம் கொட்டினாலும் ராட்சதன் ஆகாது.

அடுத்தது நடும் ஆழம். தக்காளி நாற்றைப் புதைத்து நடுவதுபோல இதைப் புதைக்கக் கூடாது. பருக்கப்போவது வித்திலைகளுக்கு மேலே உள்ள தண்டு. அதை மண்ணுக்குள் அழுத்திவிட்டால் காய் உருண்டையாகத் திரளாமல் கோணலாகும், அழுகவும் செய்யும். தட்டில் இருந்த அதே மட்டத்தில் நடுங்கள். களை எடுக்கும்போது மண் அணைக்கவும் வேண்டாம்.

அப்புறம் வெயில். நூல்கோலுக்குப் பிடித்த வெப்பம் 15 முதல் 21 டிகிரி செல்சியஸ். 27 டிகிரியைத் தாண்டிப் பல நாள் நீடித்தால் காய் திரள்வது மந்தமாகும், நாரும் கட்டும். அதனால் உங்கள் இடத்தில் குளிர்ச்சியான மாதங்கள் எவை என்று பார்த்து, காய் திரளும் காலம் அதற்குள் வரும்படி பின்னோக்கிக் கணக்குப் போட்டு விதையுங்கள். அதே சமயம் ஒரு நாளில் 6 மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் உரத்துக்கு வாருங்கள். நடுவதற்கு முன்பே நன்றாக மக்கிய தொழுஉரத்தைச் சதுர மீட்டருக்கு ஒரு வாளி கலந்துவிடுங்கள். நட்ட மூன்றாவது வாரமும், காய் எலுமிச்சை அளவு வந்ததும் மண்புழு உரம் இரண்டு கை. தழைச்சத்தை அதற்குப் பிறகும் ஊட்டிக்கொண்டே போனால் இலைதான் கொழிக்கும். அசுவினியும் தேடி வரும்.

கேள்வி: காய் நன்றாக வந்துகொண்டிருந்தது. மழை பெய்த மறுநாள் பார்த்தால் பக்கவாட்டில் நீளமாக வெடித்திருக்கிறது. நோயா?

பதில்: நோய் இல்லை, தண்ணீர். மண் காய்ந்து கிடந்த நாட்களில் தோல் இறுகிவிடும். திடீரென்று நிறையத் தண்ணீர் கிடைத்ததும் உள்ளே சதை வேகமாக உப்பும், தோலால் ஈடுகொடுக்க முடியாது. மழையை நாம் நிறுத்த முடியாது. ஆனால் மழைக்கு முன்னால் மண் காயாமல் பார்த்துக்கொள்ளலாம். விரலை இரண்டு கணு அளவு மண்ணில் விட்டுப் பாருங்கள், நுனியில் ஈரம் தட்டுப்படவில்லை என்றால் அன்றே ஊற்றுங்கள். வைக்கோல் அல்லது காய்ந்த இலை மூடாக்கு நான்கு விரல் கனத்துக்குப் போடுங்கள், காயை ஒட்டாமல் சற்றுத் தள்ளி. வெடித்த காயை உடனே பறித்துச் சமையுங்கள். விட்டால் வெடிப்பு வழியாக அழுகல் ஏறும்.

கேள்வி: உள்ளே பழுப்பாக, கூடாக இருந்தது. வெளியே ஒரு குறையும் தெரியவில்லை.

பதில்: போரான் சத்துக் குறைவாக இருக்கலாம். மணல்பாங்கான மண்ணிலும், சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் இது வரும். ஆனால் மண் பரிசோதனை செய்யாமல் போரான் உப்பான போராக்ஸைக் கையில் எடுக்காதீர்கள். போரான் கொஞ்சம் கூடினாலும் செடிக்கு நஞ்சு. பல பேர் தோட்டத்தில் மக்கு உரத்தை ஒழுங்காகப் போட்டாலே இது சரியாகிவிடும்.

கேள்வி: இலையெல்லாம் சல்லடை. மருந்து சொல்லுங்கள்.

பதில்: மருந்துக்கு முன்னால் கண்ணைப் பயன்படுத்துங்கள். காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் மஞ்சளாக, சிறு கூம்பு மாதிரி நின்றுகொண்டிருப்பது வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் முட்டை. கட்டைவிரலால் தேய்த்தால் போச்சு. ஒல்லியான பச்சைப் புழு ஒன்று, தொட்டதும் துள்ளித் துடித்து நூலில் தொங்கினால் அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. வீட்டுத் தோட்டத்தில் பத்திருபது செடிதான் இருக்கும், இரண்டு நாளைக்கு ஒரு முறை பார்த்தால் கையாலேயே அடக்கிவிடலாம்.

அடங்கவில்லை என்றால் புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்தான பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் தெளியுங்கள். புழு அதைத் தின்றால்தான் வேலை செய்யும், வெயிலில் வீரியமும் போய்விடும். ஆகவே மாலையில், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடிக்க வேண்டும். நூல்கோல் இலையில் மெழுகுப் பூச்சு உண்டு, தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும். கலவையில் சில சொட்டு சோப்புக் கரைசல் விட்டால் ஒட்டும். எல்லாவற்றையும்விட நல்லது, நட்ட அன்றே பூச்சி வலை போட்டுவிடுவது. ராட்சத ரகம் மாதக்கணக்கில் பாத்தியில் நிற்கப்போகிறது, அவ்வளவு நாளும் காவல் வேண்டும்.

கேள்வி: இலையைப் பறித்துச் சமைத்தால் காய் சிறுத்துப்போகுமா?

பதில்: போகும். காயை ஊட்டுவது இலைதான். அடியில் மஞ்சளானதை மட்டும் எடுங்கள். மற்றதை அறுவடை அன்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: காய் திரளாமல் நடுவில் பூந்தண்டு கிளம்பிவிட்டது. ஏன் அம்மா?

பதில்: நூல்கோல் ஈராண்டுச் செடி. குளிர் பட்டால் ‘ஓராண்டு முடிந்தது’ என்று எண்ணிப் பூக்கக் கிளம்பும். சில இலை விட்ட பிறகு ஒரு வாரத்துக்கு மேல் 10 டிகிரிக்குக் கீழ் நின்றிருந்தால் இப்படி ஆகும். பூந்தண்டு வந்த செடியில் இனிக் காய் எதிர்பார்க்க வேண்டாம். அடுத்த முறை நாற்றை இரவில் மூடி வையுங்கள்.

கேள்வி: உலகத்தில் 40 கிலோவுக்கு நூல்கோல் விளைந்திருக்கிறதாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். 2006-ல் அலாஸ்கா மாநிலக் கண்காட்சியில் எடைபோட்ட ஒரு நூல்கோல் 43.98 கிலோ இருந்தது. அங்கே கோடையில் பகல் 19 மணி நேரம் வரை நீளும், ஆனால் சூடு ஏறாது. நூல்கோல் கேட்பதெல்லாம் ஒரே நேரத்தில் கிடைக்கும் இடம். வீட்டுத் தோட்டத்தில் 3, 4 கிலோ வந்தாலே நான் மகிழ்ச்சியோடு தூக்கிக்கொண்டு போவேன். உங்களுக்கும் அதுவே நல்ல இலக்கு.

கேள்வி: எப்போது பறிப்பது, எப்படி வைப்பது?

பதில்: ரகத்துக்குச் சொன்ன நாள் முடிந்த பிறகு காத்திருக்காதீர்கள். ராட்சத ரகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. முற்றல் அடியிலிருந்துதான் மேலே ஏறும். காயின் அடிப்பாகத் தோலில் நகத்தை அழுத்துங்கள். பதிந்தால் இன்னும் இருக்கலாம், வழுக்கினால் அன்றே பறியுங்கள். தண்டு தடிமனாக இருக்கும், கத்தியால் முடியாது. சிறு ரம்பத்தால் மண்மட்டத்துக்குச் சற்று மேலே அறுங்கள். தோலைக் கனமாகச் சீவி, அடியில் நார் தெரிகிற வரை வெட்டித் தள்ளிவிட்டால் மிச்சமெல்லாம் பச்சையாகவே கடித்துத் தின்னலாம், அப்படி ஒரு சாறு.

இலையோடு வைத்தால் இலை வழியாக ஈரம் போய்க் காய் வதங்கும். இலைகளை ஒட்ட நறுக்கிவிட்டு, கழுவாமல், குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வையுங்கள். வாரக்கணக்கில் கெடாது. வெட்டிய பாதியை ஈரத்துணியில் சுற்றி வைத்து நான்கைந்து நாளில் முடித்துவிடுங்கள்.

கேள்வி: நானே விதை எடுக்கலாமா?

பதில்: கோசாக்கில் வேண்டாம். ஒட்டு ரகத்தின் விதை தாயைப் போல வராது. சூப்பர்ஷ்மெல்ஸ், கிகான்ட் இரண்டிலும் எடுக்கலாம், ஆனால் ஒரு செடியை விட்டால் போதாது. தன் மகரந்தத்தை அது பெரும்பாலும் ஏற்காது. நல்ல காய் பிடித்த செடிகள் ஐந்தாறையாவது பறிக்காமல் விட்டு, குளிரைக் கடந்து பூக்க விட வேண்டும். அந்தச் சமயத்தில் பக்கத்தில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி எதுவும் பூத்து நிற்கக் கூடாது. எல்லாம் ஒரே இனம், தேனீ கலந்துவிடும். காய்ந்த விதையை ஈரம் படாமல் வைத்தால் நான்கு வருடம் வரை முளைக்கும். டப்பாவின் மேல் ரகத்தின் பெயரையும் வருடத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள். இந்தக் குடும்பத்து விதையெல்லாம் பார்க்க ஒரே கடுகு மாதிரிதான் இருக்கும்.